யாரும் எடுக்காத புத்தகங்கள்

மருதமுனையில் நஸ்லியா டீச்சரைத் தெரியாத ஒரு பெண்பிள்ளை இருந்தால், அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவளாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கல்வி வலயம் என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்குவானேன்? கடற்கரை வீதிப் பக்கம் ஒரு பெண்கள் பாடசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். ஆளைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நஸ்லியாவின் வாப்பா சவளக்கடைப் பக்கம் வயல் செய்தவர். வீட்டில் குர்ஆனையும் சுவரில் தொங்கிய கலண்டரையும் தவிர வாசிப்பதற்கென்று ஒன்றும் இருந்ததில்லை. படித்து, தமிழ் ஆசிரியையாக நியமனம் கிடைத்து, கலியாணமும் முடித்து இந்தப் பாடசாலைக்கு வந்து சேர்ந்தபோது, நூலகத்தைப் பொறுப்பெடுக்க ஆளில்லை என்று அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் குறைப்பட்டுக்கொண்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நஸ்லியா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், பொறுப்பு தலையில் விழுந்தது.

போய்க் கதவைத் திறந்தால் உள்ளே உடைந்த கதிரைகளும் எலிப்புழுக்கையும்தான். புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. சாவி எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. நஸ்லியா கச்சானை வீதி மேசனைக் கூட்டிவந்தார் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். மேசனுமில்லை ஒருவனுமில்லை, வீட்டிலிருந்து சுத்தியலைக் கொண்டுவந்து தானே பூட்டை உடைத்தார். "பூட்டி வெக்கிறத்துக்கு இதென்ன நகையா?" என்று அதிபரிடமே கேட்டுவிட்டார். அதிபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கணவர் அப்துல் கபூருக்கு, இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாறன் விற்கும் கடை. கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளை நஸ்லியா வாரிக்கொண்டு வந்து, பசை காய்ச்சி, கதைப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் உறை போட்டார். சிவப்புக் கோடு, பச்சைக் கட்டம், நீலக் கரை என்று ராக்கையில் புத்தகங்கள் வரிசையாக நின்றன. இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் வடையைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவருவார்கள். "எண்ணெய்க் கையோட தொட்டா கைய முறிப்பன்" என்பார் டீச்சர். ஒருத்தியின் கையையும் அவர் முறித்ததில்லை. புத்தகம் கிழிந்து வந்தாலும் தண்டம் கிடையாது. "கிழிஞ்சா வாசிச்சிரிக்கி எண்டுதானே" என்று சொல்லி, பசைச் சிரட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் பிள்ளைகளுக்குள் அம்ஹா என்று ஒருத்தி. அப்போது ஏழாம் வகுப்பு. வாப்பா ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். போனால் வர நாளாகும். வாப்பா கடலில் நிற்கிற நாட்களில் இந்தப் பிள்ளை தடித்த கதைப் புத்தகமாகப் பார்த்து எடுக்கும். "தடிப்பா இரிந்தாத்தான் டீச்சர் வாப்பா வார மட்டும் காணும்" என்று ஒருநாள் சொன்னது. அன்றிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை நஸ்லியா மேசைக்குக் கீழே அதற்கென்று எடுத்து வைக்கத் தொடங்கினார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நூலகத்துக்குள்தான் மென்பொருள் வந்தது.

வலயத்திலுள்ள பாடசாலை நூலகங்கள் எல்லாவற்றையும் கணினிமயமாக்கப் போகிறார்களாம். நல்ல விசயந்தானே? யார் வேண்டாமென்றது? வாங்குவதற்கு முன்னர் பார்த்துச் சொல்ல ஒரு தொழில்நுட்பக் குழு போட்டார்கள். குழு என்றால் அதிகாரிகள் குழு. பெயருக்கு இரண்டு நூலக ஆசிரியைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் நஸ்லியா. மற்றவர் கல்முனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நூலகம் பார்க்கும் உசாந்தினி. இரண்டு பேரும் பயிற்சி வகுப்பில் ஒன்றாக இருந்த காலத்திலிருந்து சிநேகிதிகள், உசாந்தினிக்கு நஸ்லியா 'ராத்தா', அதாவது அக்கா.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கூட்டம். கொழும்பிலிருந்து கம்பனிக்காரர் வந்திருந்தார்கள். கழுத்துப்பட்டி, பளபளக்கும் சப்பாத்து, எல்லாருக்கும் தின்னப் பற்றிசும் குடிக்க நெஸ்கபேயும். சுவரில் படம் காட்டினார்கள். ஒரு புத்தகத்தை எடுத்து அதில் ஒட்டிய பார்கோடில் சிவப்பு வெளிச்சத்தைப் பிடித்தால் 'பீப்' என்றது. அடுத்த கணமே புத்தகத்தின் பெயரும் பிள்ளையின் பெயரும் திரையில் வந்து நின்றன. அதிகாரிகள் "ஆ!" என்றார்கள். நூலகங்களுக்குப் பொறுப்பான நிப்றாஸ் சேர் தானே ஒருமுறை எழும்பிப் போய்ப் 'பீப்' அடித்துப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மேலே ஏற்கனவே பேசி முடித்த விசயம் அவர் கைக்கு வந்திருந்தது. அதை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம் அவருக்கு.

நஸ்லியாவின் நெஞ்சுக்குள் ஒரேயொரு கேள்விதான் கிடந்தது. இந்தச் சாமான் இணையத்தில்தான் ஓடுமாம். இங்கே ஆளில்லாத பின்னேரத்தில் ஒரேயொரு கணினியில் ஓட்டிக் காட்டுகிறார்கள். பள்ளிக்கூடங்களில் புத்தகம் கொடுப்பது இடைவேளையில். வலயத்தில் உள்ள அத்தனை நூலகமும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒன்றாக அடித்தால் இது ஓடுமா? ஒருநாள் இடைவேளையில் பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். கேள்வியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கையைத் தூக்கப் போனார். பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது.

"வக்து வந்திட்டு. எல்லாருக்கும் திருப்திதானே? சரி, ஸலவாத்தோட முடிப்பம்" என்றார் நிப்றாஸ் சேர்.

நம்முடைய ஊர்களில் ஸலவாத்துச் சொல்லிவிட்டால் கூட்டம் முடிந்ததுதான். அதற்குப் பிறகு வாயைத் திறக்கிறவர் மரியாதை தெரியாதவர். நபியின் பேரில் ஸலவாத்துச் சொல்லும்போது சும்மா இருக்கத்தான் முடியுமா? நஸ்லியாவின் வாயும் எல்லாருடைய வாயோடும் சேர்ந்து ஸலவாத்துச் சொன்னது. கதிரைகளை இழுத்து அரக்குகிற சத்தத்துக்குள் அந்தக் கேள்வி அப்படியே போய்விட்டது. 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

கேற்றடியில் வைத்து உசாந்தினி சொன்னார். "நீங்க ஸலவாத்துச் சொன்னீங்க. நான் மரியாதைக்குச் சும்மா நிண்டன். ரெண்டையும் ஓம் எண்டுதான் எழுதிட்டாங்கள் ராத்தா."

"நான் கேட்டிரிக்கணும் புள்ள."

"கேட்டாப்போல?"

கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கேட்காமல் விட்டதால் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும்.

மென்பொருள் வந்து இறங்கிய முதல் நாளே இடைவேளையில் திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது, மணி அடிக்கும்வரை சுற்றியது. பிள்ளைகள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டு, திரும்ப ராக்கையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். மறுநாளும் அதே கதை. பாடசாலை விட்ட பிறகு தட்டிப் பார்த்தால் அதே இயந்திரம் பட்டென்று ஓடும். சித்திரை மாதத்தில் இன்னொரு கூத்து. கொழும்பில் பள்ளிக்கூட விடுமுறை என்று கம்பனிக்காரர் திருத்த வேலைக்காக முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். நோன்புக்குப் பூட்டிய முஸ்லிம் பாடசாலைகள் விட்ட பாடங்களைப் பிடிப்பதற்காகத் திறந்து நடந்துகொண்டிருந்த காலம் அது. நாங்களும் இந்த நாட்டில்தான் இருக்கிறோம் என்பது அவர்களுக்கு யார் சொல்லியும் தெரியவில்லை.

வலயத்துக்கு அறிவித்தால் சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் மென்பொருளில் மட்டும்தானாம். பழைய பதிவு முறை நிறுத்தப்படுகிறதாம். பாவனை, அதாவது புத்தகம் எடுப்பது, குறைந்த நூலகங்களின் அறை வேறு தேவைக்கு எடுக்கப்படுமாம். ஓடுகிற மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடாத மாட்டை வண்டியில் பூட்டச் சொன்னார்கள்.

நஸ்லியா என்ன செய்தார்? இயந்திரத்தை அதன் பாட்டுக்குச் சுற்றவிட்டு, முகத்தைப் பார்த்துப் புத்தகத்தைக் கொடுத்தார். "கொண்டு போ. கவனமாக் கொண்டு வா." அவ்வளவுதான். கொண்டுபோனவர்கள் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் மாதக் கடைசியில் வலயத்திலிருந்து வந்த அறிக்கையில் அவருடைய நூலகத்துக்கு நேரே வெறும் பூச்சியம் நின்றது.

அன்றைக்குப் பின்னேரம் உசாந்தினிக்கு அழைப்பு எடுத்தார். "உங்களுக்கும் பூச்சியந்தானா?"

மறுமுனையில் உசாந்தினி குரலைத் தாழ்த்தினார். "எனக்கு நல்லா ஏறியிருக்கு ராத்தா. பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு, எத்தின பிள்ள எடுத்திச்சோ அத்தின தரம் அடிச்சு விடுறன்."

"புத்தகம் பிள்ளையள்ட வீட்டயெல்லோ இரிக்கும்? எதுல அடிக்கிற?"

"ராக்கையில கிடக்கிற பெரிய இங்கிலீசுப் புத்தகத்தில. ஆரு பாக்கப் போறா?"

நஸ்லியாவுக்கு அது பொய் என்று தெரியாமலில்லை. இரண்டு மூன்று நாள் மனதோடு மல்லுக்கட்டினார். எடுத்த பிள்ளைகளின் பெயர் மெய், எண்ணிக்கை மெய், புத்தகத்தின் பெயர் மட்டுந்தானே வேறு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அறையைப் பறிகொடுக்க மனம் வரவில்லை. பாடசாலை விட்டதும் தனியே உட்கார்ந்து, ஒரு பிள்ளையும் தொட்டுப் பார்க்காத அந்தத் தடித்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அன்றைக்குக் கதைப் புத்தகம் எடுத்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் 'பீப்' அடித்தார். அம்ஹாவின் பெயரிலும் அடித்தார்.

பாவி மனுசி. அந்தப் 'பீப்' எங்கே போய் முடியும் என்று அப்போது நினைத்தும் பார்த்திருக்கமாட்டார்.

வருட முடிவில் வலயத்திலேயே பாவனை கூடிய நூலகம் என்று அவருடைய நூலகத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். கம்பனிக்காரர் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். கைதட்டலுக்கு நடுவில் நஸ்லியா குனிந்த தலையோடு அதை வாங்கினார். அந்தக் கேடயத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவேயில்லை.

கேடயத்தோடு நின்றிருந்தால் நல்லது. அறிக்கையைப் பார்த்த அதிகாரிகள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த வலயத்துப் பிள்ளைகள் ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களைத்தான் விழுந்து விழுந்து வாசிக்கிறார்கள். தமிழ்க் கதைப் புத்தகங்களை ஒருவரும் தொடுவதேயில்லை. கணினியே சொல்கிறது, பிறகென்ன? மென்பொருள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததோடு, அதே கம்பனியிடமே ஆங்கிலக் களஞ்சியங்களையும் தொகுதி தொகுதியாக வாங்கப் பணித்துவிட்டார்கள். அவற்றை வைக்க இடம் வேண்டுமே! 'யாரும் எடுக்காத புத்தகங்கள்' என்று ஒரு பட்டியலைக் கணினியே போட்டுக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றை லொறியில் ஏற்றிப் பழைய கடதாசிக்கு அனுப்புவதாக முடிவாயிற்று.

பட்டியல் நஸ்லியாவின் கைக்கு வந்தபோது அதைப் பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சாறன் துணி உறை போட்ட அத்தனை கதைப் புத்தகமும் அதில் இருந்தது. மேசைக்குக் கீழே அம்ஹாவுக்கென்று எடுத்து வைத்திருந்த புத்தகமும் இருந்தது. "யா அல்லாஹ், என்ட கையாலயே கழுத்த அறுத்திட்டனே" என்று வாய்விட்டுச் சொன்னார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனார். நிப்றாஸ் சேரின் மேசைக்கு முன்னால் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இடைவேளையில் ஓடாதது, முகத்தைப் பார்த்துக் கொடுத்தது, பின்னேரத்தில் பொய்யாக அடித்தது, எல்லாம். எழுதிக்கொண்டுபோன கடிதத்தையும் நீட்டினார்.

நிப்றாஸ் சேர் கடிதத்தை வாங்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "இரிங்க டீச்சர். எனக்குத் தெரியாதெண்டா நினைக்கிறீங்க? எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இதுதான் நடந்திரிக்கி."

"தெரிஞ்சுமா சேர் புத்தகத்த ஏத்தப் போறீங்க?"

"இந்தக் கடிதத்த நான் எடுத்தா, மென்பொருள வாங்கினதே பிழை எண்டு ஆகும். முதல் வாங்கினதும் பிழை, புதுப்பிச்சதும் பிழை, களஞ்சியம் வாங்கினதும் பிழை. ஆர்ர தலையில விழும் சொல்லுங்க? என்ட தலையில. உங்கட தலையிலயும். ஏகமனதா எண்டு நீங்களும் ஒப்பம் வெச்ச ஆள்தானே?"

நஸ்லியா நீட்டிய கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"திங்கக்கிழமை லொறி வரும்" என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடு. "பட்டியலில உள்ளத எடுத்துத் தந்திட்டா உங்கட பேருக்கு ஒண்டும் இல்ல. ஒண்டு குறைஞ்சாலும் தொலைஞ்சது எண்டுதான் நான் எழுதணும். பிள்ளையளுக்குக் குடுத்த எண்டு சொல்ல ஏலா, சிஸ்டத்தில குடுத்ததா இல்லையே. விசாரணை வரும். அரசாங்கச் சொத்து டீச்சர். வீணா உங்கட பேரக் கெடுத்துக்காதீங்க."

அன்றைக்குப் பின்னேரம் கடையைச் சாத்திவிட்டு வந்த கபூரிடம் நஸ்லியா எல்லாவற்றையும் சொன்னார். கபூர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன செய்யப் போறாய்?"

"பிள்ளையளுக்குக் குடுக்கப் போறன். ராக்கையில ஒண்டு மிச்சம் விடாம எல்லாத்தையும். லொறி வந்தா, தொலைஞ்சிட்டு எண்டு சொல்லுவன்."

"உனக்கென்ன பைத்தியமா? தொலைஞ்சிட்டு எண்டு நீ சொன்னா ஊர் என்ன சொல்லும் தெரியுமா? நம்பி ஒப்படைச்ச அமானிதத்தத் திண்டவள் எண்டு சொல்லும். பள்ளிக்கூடத்துப் புத்தகத்த வித்தவள் எண்டு சொல்லும். நான் கடையில எப்பிடி முகம் குடுக்கிற?"

"அப்ப, வாசிக்கிற புள்ளைட கையிலரிந்து பறிச்சு லொறியில போடச் சொல்றீங்களா? அது அமானிதமா? இஞ்ச பாருங்க, நான் ஒருக்கா வாயைப் பொத்தின, இன்னொருக்காப் பொய் அடிச்ச. ரெண்டும் சேந்து இப்ப அந்தப் பிள்ளையள்ட தலையில விழுந்திரிக்கி. இது என்ட தலையில விழட்டும்."

கபூர் ஆறிப்போன தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். பிறகு, "உம்மட பேரு, உம்மட முடிவு" என்று மட்டும் சொன்னார். கோபம் வந்தால்தான் அவருக்கு மனைவி 'உம்மட' ஆவார். நஸ்லியாவுக்கு அது விளங்கியது. என்றாலும் கபூர் தடுக்கவில்லை.

வியாழக்கிழமை இடைவேளையில் நஸ்லியா நூலகக் கதவை அகலத் திறந்து வைத்தார். "இண்டைக்கு ஆளுக்கு எத்தின வேணுமெண்டாலும் எடுங்க. நான் கேக்கும் மட்டும் கொண்டு வராதீங்க" என்றார். பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. பெருநாள் மாதிரி ஆகிவிட்டது. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புத்தகங்கள் பைகளுக்குள் போயின. அம்ஹா மேசைக்குக் கீழே இருந்த தடித்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "கேக்கவே மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டது.

"கேக்கமாட்டன் மகள். அது உனக்குத்தான்."

திங்கட்கிழமை லொறி வந்தது. நிப்றாஸ் சேர் பட்டியலோடு உள்ளே வந்து, வெறும் ராக்கைகளைப் பார்த்துத் திகைத்து நின்றார். களஞ்சியங்கள் மட்டும் ஒரு மூலையில் பளபளவென்று இருந்தன.

"எங்க டீச்சர்?"

"தொலைஞ்சிட்டு சேர்."

"டீச்சர், விளையாடாதீங்க."

"நீங்க வாசிங்க சேர். நான் சொல்றன்."

அவர் முதலாவது புத்தகத்தின் பெயரை வாசித்தார். "தொலைஞ்சிட்டு" என்றார் நஸ்லியா. அடுத்ததை வாசித்தார். "தொலைஞ்சிட்டு." ஒவ்வொன்றையும் வாசிக்க வாசிக்க அவருடைய குரல் ஏறிக்கொண்டே போனது. நஸ்லியா கைகளைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கண் கலங்கியது, துடைக்கவில்லை. துடைத்தால் மிச்சத்தைச் சொல்ல முடியாமல் போய்விடுமோ என்று பயம்.

நிப்றாஸ் சேருக்குப் பொறுக்க முடியவில்லை. "அரசாங்கச் சொத்து இது! அமானிதம்! இத்தின புத்தகம் எப்பிடித் தொலையும்? வித்தீங்களா எண்டு கேப்பாங்க. களவு எடுத்தீங்களா எண்டு கேப்பாங்க. என்ன பதில் சொல்லப் போறீங்க?"

நூலகத்துக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் இருப்பது அரைச் சுவர்தான். மேலே வலை. 'களவு' என்ற சொல் அந்த வலைக்குள்ளால் போய்ப் பிள்ளைகளின் காதில் விழுந்தது. படிப்பித்துக்கொண்டிருந்த ஆசிரியை பாடத்தை நிறுத்தினார். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் இருக்கும் வாங்கு ஒன்று கிரீச்சிட்டது.

அம்ஹாதான் முதலில் வந்தது. தோளில் புத்தகப் பை. வாசலில் சப்பாத்தைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்து, பையிலிருந்து பச்சைக் கட்டம் போட்ட அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து நிப்றாஸ் சேரிடம் இரண்டு கையாலும் நீட்டியது.

"டீச்சர் களவெடுக்கல்ல சேர். இது என்னட்ட இரிந்த. நான்தான் கொண்டு போன."

"வகுப்புக்குப் போ!" என்று நஸ்லியா கத்தினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் அப்படிக் கத்தியதை யாரும் கேட்டதில்லை. "ஆரு உன்னைக் கூப்பிட்ட? அது வேற புத்தகம். கொண்டு போடி!"

அம்ஹா போகவில்லை. புத்தகத்தை நீட்டியபடியே நின்றது. அதற்குள் அதன் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு. டீச்சரைக் களவென்று சொல்கிறார்கள் என்ற செய்தி மண்டபம் மண்டபமாக ஓடிவிட்டது. பைகள் திறந்தன. வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் அதிபரின் காலில் விழாத குறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, சைக்கிளில் பறந்துபோய் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "என்னட்ட இரிக்கி சேர்." "இதும் தொலையல்ல சேர்." "டீச்சர் தந்த சேர், நாங்க வாசிக்கிற." ஒவ்வொரு பிள்ளையும் தன் கையில் இருந்ததைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கியது. நஸ்லியா ஒவ்வொருத்தியையும் பிடித்துத் தள்ளிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒண்டும் ஆகாது புள்ளையள், கொண்டு போங்க." யார் கேட்பது? டீச்சர் தங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார் என்றே நினைத்தார்கள்.

நிப்றாஸ் சேர் குனிந்த தலை நிமிராமல் பட்டியலில் சரி போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் லொறிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்படியே போய்விடுவார் என்று நஸ்லியா ஒரு கணம் நம்பினார். அவர் திரும்பி வந்து பேனாவை எடுத்தார்.

பின்னேரத்துக்குள் பட்டியல் முழுவதும் சரியாகிவிட்டது. ஒரு புத்தகம் குறையவில்லை. லொறிக்காரர் புத்தகங்களைச் சாக்குகளில் போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். 'எந்தப் புத்தகமும் தொலையவில்லை, பொறுப்பாளர் மீது குற்றம் இல்லை' என்று எழுதிய தாளை நிப்றாஸ் சேர் நீட்டினார். நஸ்லியா கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வெளியே மண்டபத்தில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வாசலுக்கு வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அம்ஹா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவருடைய கையைப் பிடித்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"இனி உங்கள ஒண்டும் செய்யமாட்டாங்கதானே டீச்சர்? எல்லாத்தையும் குடுத்திட்டம்."

"ஓம் மகள்" என்றார் நஸ்லியா. "ஒண்டும் செய்யமாட்டாங்க."

பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தப் புத்தகங்கள் எங்கே போகின்றன என்று அவர்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை, நஸ்லியாவும் சொல்லவில்லை.